தலை தாழ்த்தும் கை

பனி விலகாத காலையில் டாரல் அந்த இறைச்சித் தொழிற்சாலைக்குள் நுழைந்தான். வெந்நீர் ஆவியும் சாணமும் ரத்தமும் கலந்த வாடை மூக்கில் அப்பிக்கொண்டது. ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் உட்பகுதியில் வாடை பார்த்தால் வேலை கிடைக்காது. மனைவி லினெட்டைப் புதைத்த பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட இது மேல்.

மேஸ்திரி கோலின் இரும்புக் கூண்டைக் காட்டினான். மாடு உள்ளே வந்ததும் கதவு சாத்திக்கொள்ளும். மேலே தொங்கும் ஆணித் துப்பாக்கியை நெற்றியில் வைத்து அழுத்த வேண்டும். ஆணி மண்டைக்குள் பாய்ந்து திரும்பும். மாடு சரிந்ததும் குனிந்து அதன் கண்ணைத் தொட வேண்டும். இமை அசையாவிட்டால் அடுத்த மாடு.

"தடவிக் கொடுக்கிற சோலியெல்லாம் இங்க வேணாம் மச்சான். மெர்வின் அப்படித்தான் கொஞ்சிக் கொஞ்சிப் போய்ச் சேர்ந்தான்" என்று சிரித்தான் கோலின்.

டாரலுக்கு முன் இதே கூண்டில் வேலை பார்த்த மெர்வினின் கதை ஊருக்கே தெரியும். பயந்து செத்த மாட்டின் கறி கறுத்துப்போகும் என்று, சுடுவதற்கு முன் ஒவ்வொன்றின் பிடரியையும் வருடுவான் அவன். "கை ஓடவும் கூடாது, நிக்கவும் கூடாது. இந்தத் தடவலுக்குன்னே தோலுக்குள்ள தனி நரம்பு இருக்காம். அது மூளைகிட்டப் போயி, பயப்படாதன்னு சொல்லுமாம். மூளையும் நம்பிரும்" என்பான். போன குளிர்காலத்தில், அவன் கை ஒரு காளையின் பிடரியில் இருந்தபோது, வேலை மந்தமாகிறதென்று கோலின் பின்னாலிருந்து மின்சாரக் குச்சியால் குத்தினான். காளை துள்ளியது. கம்பிக்கும் கொம்புக்கும் நடுவில் மெர்வினின் நெஞ்சு நொறுங்கியது.

டாரல் எதையும் தடவவில்லை.

ஆனாலும் முதல் மாடு கூண்டுக்குள் வந்து நின்று தானாகத் தலையைத் தாழ்த்தியது. அதன் பிடரி மயிர் மேலிருந்து கீழாக, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, மெல்லப் படிந்துகொண்டே போனது.

டாரல் சுட்டான்.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"என்னப்பா மந்திரம் போட்டியா? ஒண்ணுகூடக் கத்தல" என்றான் கோலின்.

டாரல் துப்பாக்கியை மேலே போகவிட்டான். விழுந்து கிடந்த மாட்டின் கண்ணைத் தொடக் கூண்டுக்குள் குனிந்தான்.

கழுத்தின் பின்புறம் ஒரு கை விழுந்தது.

வெதுவெதுப்பான கை. ஓடவில்லை, நிற்கவில்லை. மெதுவாக இறங்கியது.

லினெட் போனபின் அவனை யாரும் தொட்டதில்லை. தாடை தளர்ந்தது. தோள் இறங்கியது. நெஞ்சின் படபடப்பு அடங்கி, குளித்துவிட்டுப் படுத்ததுபோல் ஒரு சுகம் உச்சந்தலைவரை பரவியது.

இது எதற்கான தடவல் என்று அவனுக்குத் தெரியும்.

தெரிந்தும் தலை தாழ்ந்தது.

மேலே கம்பி கிறீச்சிட்டது. யாரும் பிடிக்காத துப்பாக்கி இறங்கி வந்தது. அதன் சில்லென்ற வாய் அவன் நெற்றியில் பொருந்தியது.

ஓடு என்றான் மனதுக்குள். கால் கேட்கவில்லை. பயப்படாதே என்றது கை. மூளை கையைத்தான் நம்பியது.

குனியும்போது ஊன்றிய வலது கை மட்டும் கதவைச் சாத்தும் விசையருகே இருந்தது. வலியாவது எழுப்பட்டுமென்று இடது கையைக் கதவிடுக்கில் நழுவவிட்டு, விசையை இழுத்தான்.

இரும்பு வந்து அறைந்தது. விரல் எலும்புகள் சுள்ளிபோல் முறிந்தன. அலறலோடு தலை நிமிர்ந்த அந்த நொடியில் ஆணி பாய்ந்து, காதின் மேல்தோலைக் கிழித்துக்கொண்டு போனது.

முதலுதவி அறையில் உட்கார வைத்தார்கள். நசுங்கிய கையைத் துணியால் சுற்றி, மற்ற கையால் பொத்திப் பிடித்திருந்தான். கோலின் வந்து எதிர் நாற்காலியில் சாய்ந்தான்.

"உன்னால வேலை மொத்தமும் நிக்குது. குழந்தையாடா நீ, கதவுல கைய விட?"

"கோலின்... வெளிய போ. இங்க உக்காராத."

"நீ யாருடா எனக்கு..."

கோலின் பாதியில் நிறுத்தினான். சட்டைக் காலர் மெல்ல மடங்கியது. பிடரி மயிர் படிந்தது. கண்கள் பாதி மூடி, உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. தாடை நெஞ்சை நோக்கி இறங்கியது.

டாரல் கத்த வாயெடுத்தான். 

"சுகமா இருக்கு மச்சான்" என்று முனகினான் கோலின். "கைய எடுத்துராத."

டாரலின் மடியில்தான் அவன் இரண்டு கைகளும் இருந்தன.