துவைக்காத சட்டை

"சார், கையை எடுங்க. அது பூனை. உங்க கம்பெனி டயர் இல்ல."

இளம்பரிதி கையை எடுக்கவில்லை. எடுத்தால் பூனை கீழே விழும்.

நடந்தது இவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் சின்ன கிளினிக். டயர் கம்பெனியில் காலை ஷிஃப்ட் முடிந்து வந்த இளம்பரிதி, மழைக்கு அதன் வாசலில் ஒதுங்கி நின்றான். உள்ளேயிருந்து அட்டைப்பெட்டியோடு வந்தாள் கலைமதி. மழையில் இரண்டு அடி வைப்பதற்குள் பெட்டியின் அடி ஊறிப் பிய்ந்துவிட்டது... குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியாத பூனை சரிந்தது... அவன் குனிந்து ஏந்திக்கொண்டான். ஏந்தியதோடு விட்டிருக்கலாம். யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி, பனியனோடு நின்றுகொண்டு, பூனையை அதில் சுற்றினான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வயித்துல தையல் போட்டிருக்கு சார். இந்த அழுக்குச் சட்டையில போய்..."

"தையல் நனையலாமா?"

"நனையக் கூடாது. அதுக்காக..."

"அப்ப சும்மா நில்லுங்க. ஆட்டோ புடிச்சித் தரேன்."

கோபமாகத்தான் நிமிர்ந்தாள். அவன் நெற்றியெல்லாம் கரி. இமையில் மழைத்துளி. நடுவே அந்தக் கண்கள் மட்டும் இப்போதுதான் கழுவி வைத்தது மாதிரி... சொல்ல வந்த திட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. ஆட்டோ வந்தது, ஏறினாள், போய்விட்டாள். நன்றி சொல்லவில்லை என்பது வீட்டு வாசலில்தான் உறைத்தது. சட்டையும் அவளிடமே இருந்தது. சட்டைப் பையின் மேல் அவன் பெயரும், ரப்பரில் கரி கலக்கும் 'மிக்ஸிங்' பிரிவின் பெயரும் நூலில் தைத்திருந்தன.

கலைமதிக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்காது. காது சிவக்கும். அன்றைக்கு அந்தச் சிவப்பு போகவே இல்லை. இன்னும் பெரிய கோபம் வீட்டுக்குள் காத்திருந்தது.

வீட்டில் இரண்டு பூனைகள், ரவா, சேமியா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலை பார்க்கும் போன் கம்பெனி கேன்டீன் பின்னால் ஒரே சாக்கில் கிடைத்த அக்கா தங்கைகள். ஒரே தட்டில் தின்னும். ஒன்றின் வயிற்றில் ஒன்று தலை வைத்துத்தான் தூங்கும். ஆபரேஷன் இப்போது சேமியாவுக்கு மட்டும்தான். காலையிலிருந்து தங்கையைத் தேடிக் கத்திக்கொண்டிருந்த ரவா, ஆட்டோ சத்தம் கேட்டதும் ஓடி வந்தது. சட்டையோடு சேமியாவைத் தரையில் வைத்தாள். ரவா மோந்து பார்த்தது... முதுகு மயிர் சிலிர்த்தது... சீறிக்கொண்டு சேமியாவின் முகத்தில் அறைந்தது.

"ரவா, அது நம்ம சேமியா டி" என்றாள் கலைமதி. ரவாவுக்கு அது சேமியா இல்லை.

அந்த வாரம் அவளுக்கு நைட் ஷிஃப்ட். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், அம்மா காமாட்சியம்மாள் கையில் நீளமாக ஒரு கீறல். "உள்ள ரூம்ல ஒண்ணு, சமையக்கட்டுல ஒண்ணு. நடுவுல நான் காவல். தையல் பிரிஞ்சா யாரு டி பதில் சொல்றது? ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்பேன். சேரலன்னா சேமியாவ செம்பரம்பாக்கத்துல உங்க மாமா வூட்டுல வுட்டுடுவேன்."

"சேமியா எங்கயும் போவாது."

"அப்ப ரவா போவட்டும். ரெண்டுல ஒண்ணு."

கலைமதி டாக்டருக்குப் போன் போட்டாள். "பூனைக்கு மூக்குதாம்மா மொதல்ல, கண்ணு அப்புறம்தான்" என்றார் அந்த அம்மா. "வேற வாசனையோட வந்தா கூடப் பொறந்ததையே தெரியாது. தையல் இருக்கு, குளிப்பாட்டவும் முடியாது. மருந்து வாசனை தவிர வேற ஏதாச்சும் இருக்கா?"

"ஒரு சட்டை இருக்கு டாக்டர். ரப்பர் நாத்தம்."

"மொதல்ல அதை எடுங்க."

ஆக, குற்றவாளி கிடைத்துவிட்டான். அவன் செய்தது உதவி என்று அவளுக்கும் தெரியும். ஆனால் கோபத்துக்கு ஒரு முகம் வேண்டுமே... அந்தக் கழுவி வைத்த கண்களே வந்து நின்றன. தூங்காமல் கிளம்பி, மூன்று மணிக்கு டயர் கம்பெனி கேட்டில் போய் நின்றாள். ஷிஃப்ட் விட்டுக் கூட்டம் வெளியே வந்தது. அவன் இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"பூனை எப்படி கீது?"

"எப்படி இருக்கும்? உங்க சட்டை நாத்தத்துல கூடப் பொறந்ததே அதைக் கிட்ட சேக்க மாட்டேங்குது. என் வூடே ரெண்டா பிரிஞ்சி கெடக்கு. யாரு சார் உங்கள உதவி பண்ணச் சொன்னது?"

பக்கத்தில் நின்ற அவன் நண்பன் லோகேஷ் சிரித்துவிட்டான். "மச்சி, பூனைக்கே புடிக்கலையாம் டா." சுற்றி நாலு பேர் சிரித்தார்கள்.

இளம்பரிதி சிரிக்கவில்லை. முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே போய்விட்டது. "கொளுத்திடுங்க அந்தச் சட்டைய" என்று சொல்லிவிட்டு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

லோகேஷின் சிரிப்பும் நின்றது. "தப்பா போச்சு மேடம்" என்றான் மெதுவாக. "ஆனி மாசம் காஞ்சிபுரத்துல இவனுக்குப் பொண்ணு பாக்கப் போனோம். ஷிஃப்ட் முடிச்சி நேரா போயிட்டான். அந்தப் பொண்ணு உள்ள போயி, டயர் கடையில ஒக்காந்த மாதிரி கீதுன்னு சொல்லிச்சு. ஹால் வரைக்கும் கேட்டுது. அதுலேர்ந்து டெய்லி ரெண்டு வாட்டி சோப்பு போட்டுத் தேய்க்கிறான். அந்த வேல அப்படி, போவாது."

கலைமதிக்குத் தன் மேலேயே அப்படி ஒரு எரிச்சல் வந்தது. ஷேர் ஆட்டோவில் யாரோ தெரியாமல் காலை மிதித்ததற்கு அவரையும் திட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைத் துவைக்க எடுத்தாள். சேமியா விடவில்லை. மயக்கத்திலும் வலியிலும் கிடந்தபோது அதைச் சுற்றியிருந்தது அந்தச் சட்டைதான். அதை உருவினால் சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் காலையில் மறுபடி டாக்டருக்குப் போன்.

"அப்ப தலைகீழா பண்ணுங்க" என்றார் டாக்டர். "அதே வாசனையில இன்னொரு துணிய ரவாவுக்குப் போடுங்க. இந்தச் சட்டையில மருந்தும் ரத்தமும் பட்டிருக்கும், இது ஆகாது. ரெண்டு பேர் மேலயும் ஒரே வாசனை வரணும்."

அதே வாசனையில் இன்னொரு துணி. அதாவது, நேற்று கேட் வாசலில் நாலு பேர் நடுவில் எதை நாற்றம் என்றாளோ, அதையே போய்க் கேட்க வேண்டும். அவளுக்கு இது நன்றாக வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

புதன்கிழமை. மூன்று மணி. அதே கேட்.

"எனக்கு இன்னொரு சட்டை வேணும்."

"இன்னாது?"

"அழுக்குச் சட்டை. இன்னிக்கிப் போட்டது. துவைக்கக் கூடாது."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தக் கண்களில் இவ்வளவு கோபம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. "நேத்து பண்ண கிண்டல் போதலையா மேடம்? யாருனா ஒளிஞ்சிகினு வீடியோ எடுக்கறாங்களா?"

"கிண்டல் இல்லீங்க..."

"இந்த வேலையிலதான் என் தங்கச்சிய நர்ஸிங் படிக்க வெக்கிறேன். எனக்கு இதுல வெக்கம் கெடயாது. வேற யாரையாவது பாருங்க."

"வெக்கப்படுங்கன்னு நான் சொன்னேனா?" அவளுக்கும் குரல் ஏறிவிட்டது. "ஞாயித்துக்கிழம எங்கம்மா சேமியாவ அனுப்பிடுவாங்க. பொறந்ததுலேர்ந்து ஒரு நாள் கூடப் பிரியாததுங்க அதுங்க. ரவாவுக்கும் உங்க சட்டை வாசன வந்தாதான் சேருமாம், டாக்டர் சொன்னாங்க. நேத்து நான் பேசினது தப்பு. ரொம்பத் தப்பு. மன்னிச்சிடுங்க. ஆனா சட்டைய குடுங்க." பேசப் பேசக் கண் நிறைந்துவிட்டது. அதற்கும் கோபம் வந்து புறங்கையால் துடைத்தாள்.

"மன்னிப்பு கேக்கறதும் சண்ட மாதிரிதான் கேப்பீங்களா?"

"எனக்கு அப்படித்தான் வரும்."

அவன் பட்டனைக் கழற்றினான். இன்றைக்கு மழைகூட இல்லை... வெட்டவெளியில், பனியனோடு நின்று, சட்டையை மடித்து நீட்டினான். "இது பூனைக்கு. உங்க மன்னிப்புக்கு இல்ல. கம்பெனில மூணு செட்டுதான் குடுப்பான். ஞாயித்துக்கிழம வந்து ரெண்டையும் வாங்கிக்கறேன். வூடு எங்கன்னு சொல்லுங்க."

திரும்பி வரும்போது மடியில் சட்டை. ரப்பரும் எண்ணெயும் கரியும் சேர்ந்து வெந்த வாசனை, அதற்கடியில் ஒரு மனுஷனின் வியர்வை... பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரும்வரை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்று தன்னையே ஒரு பாட்டம் திட்டிக்கொண்டாள்.

ரவா முதல் நாள் அந்தச் சட்டையைப் பார்த்துச் சீறியது. வியாழக்கிழமை சுற்றிச் சுற்றி வந்தது. வெள்ளிக்கிழமை அதன்மேல் படுத்துவிட்டது. சனிக்கிழமை கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்தாள்... இரண்டு மூக்குகள் இடுக்கில் வந்து நின்றன, சத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கூப்பிட்டுக் காட்டினாள். ரவாவின் கழுத்தில் தலை வைத்து சேமியா தூங்கிக்கொண்டிருந்தது.

"சரி, மாமாவுக்குப் போன் போட்டு வேணாம்னுடறேன்" என்றாள் காமாட்சியம்மாள். பிறகு மகளை ஒரு பார்வை பார்த்தாள். "பூனைக்கு வாங்கின சட்டைய நேத்து நீ ஏன் டி மோந்துகினு நின்ன?"

கலைமதிக்கு இரண்டு காதும் சிவந்தன. அதே நேரம் வாசலில் மணி அடித்தது.

இளம்பரிதிதான். மடிப்புக் கலையாத புதுச் சட்டை, படிய வாரிய தலை, பளபளவென்று தேய்த்த முகம். கரி இருந்த இடமே தெரியவில்லை. அவனுக்கு முன்னால் சந்தன சோப்பும் சென்ட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டன. ரவா எழுந்தது, சேமியா எழுந்தது. இரண்டும் மோந்து பார்த்தன... முதுகு சிலிர்த்து, ஒன்றாகச் சீறிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஓடின.

"யாரு உங்கள இப்படிக் குளிக்கச் சொன்னது?" என்றாள் கலைமதி.

அவன் திகைத்துவிட்டான். "இதுலயும் தப்பா?"

"எத்தினி சோப்பு?"

"ரெண்டு. அப்புறம் லோகேஷ் சென்ட்டு." அவன் வாசலிலேயே நின்றான். முகம் இறுகியது. "மறுபடி ஒரு பொண்ணு வூட்டுக்கு அதே நாத்தத்தோட போயி நிக்க என்னால முடியாதுங்க. சட்டைய குடுங்க, போயிடறேன்."

அவள் உள்ளே போய் இரண்டு சட்டையையும் எடுத்து வந்தாள். நீட்டவில்லை. மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தக் காஞ்சிபுரத்துப் பொண்ணுக்கு மூக்கு சரியில்ல. கேட்டுகிட்டு ஒக்காந்திருந்தீங்களே, உங்களச் சொல்லணும். நான் போன் அசெம்பிள் பண்ற லைன்ல பூ வெக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, எந்த வாசனையும் கெடயாது. இந்த ஒரு வாரமா வூட்டுக்கு வந்தா இந்தச் சட்டை இருந்துச்சு. நீங்க இங்கதான் எங்கயோ இருக்கிற மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு ரெண்டையும் எடுத்துகிட்டுப் போயிட்டீங்கன்னா..."

"போயிட்டா?"

"புரியலையா? எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. வேலைக்குப் போயிட்டு வர ஆள. இப்படி சோப்புக் கடையா வந்து நிக்கிற ஆள இல்ல. கத்திச் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க."

"உங்களுக்கு அப்படித்தான் வரும்" என்றான் அவன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. கழுவி வைத்த அந்தக் கண்கள் இப்போது அவளை விட்டு நகரவில்லை. கை நீட்டி ஒரு சட்டையை மட்டும் மெல்ல உருவிக்கொண்டான். இன்னொன்றை அவளிடமே விட்டான்.

"ரெண்டு செட்ட வெச்சி சமாளிச்சிக்கறேன்" என்றான். "நாளைக்கும் மூணு மணிக்குதான் ஷிஃப்ட் முடியும்... நேரா இங்க வரட்டா?"

"வாங்க. குளிச்சிட்டு வந்தீங்கன்னா கதவத் தொறக்க மாட்டேன்."