சாருக்கு விழுந்த மூன்று கோடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் ஐந்தாம் வகுப்புக்கு நான்தான் சட்டாம்பிள்ளை. பெயர் செல்லக்கனி. என்னிடம் யார் வாலாட்டினாலும் அவர்கள் பெயர் கரும்பலகையில் ஏறிவிடும்.

அந்த வாரம் எங்கள் திருவொற்றியூர்ப் பள்ளியில் தமிழ் வாரம். பிறமொழிச் சொல்லைச் சொன்னால் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் சனிக்கிழமை துறைமுகத்தில் கப்பல் பார்க்க வர முடியாது. இது எங்கள் வேதமாணிக்கம் சார் போட்ட சட்டம். 'சார்' என்று கூப்பிடுவதற்கு மட்டும் விலக்கு.

ஜாபருக்கு ஏற்கெனவே இரண்டு கோடு. வியாழக்கிழமை மதியம் அவன் தூக்குவாளியைத் திறந்து, "இன்னிக்கு சோறு கம்மியா கீது" என்றான்.

"கம்மி! மூணு!" ஓடிப்போய்க் கோடு போட்டேன்.

அவன் முகம் செத்துப்போனது. "அழிச்சிடு செல்லக்கனி! எங்க வாப்பா அந்தக் கப்பல்லதான் சமையல்காரரா வராரு. ஒரே நாள்தான் நிக்குமாம். கீழ எறங்க வுடமாட்டாங்களாம். அவரைப் பாத்து ஒரு வருசமாச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா!

ஒருவேளை 'கம்மி' தமிழாக இருந்துவிட்டால்? சார் மேசையில் இருந்த பெரிய அகராதியைப் புரட்டினேன். 'கம்மி: பாரசீகச் சொல்'. போச்சு!

அதோடு மூடியிருக்கலாம். கை சும்மா இருக்காமல் 'தராசு' என்று தேடியது. அதுவும் பாரசீகம்! எங்கள் மளிகைக்கடையில் நான் பிறந்ததிலிருந்து தொங்கும் தராசா? ரசீது? பாரசீகம். குமாஸ்தா? ஐயையோ, அதுவும்தான்! மூன்றும் காலையில் நான் வாசித்த 'எங்கள் கடை' கட்டுரையில் இருந்தன. அதற்குத்தான் சார், "சபாஷ்! சபாஷ்!" என்று தட்டிக்கொடுத்தார்.

எதற்கும் இருக்கட்டும் என்று 'சபாஷ்' பக்கத்தையும் பார்த்தேன். அந்தப் பக்கத்தின் முனையை மடித்து வைத்தேன்.

என்னை யாரும் கவனிக்கவில்லை. பேசாமல் அகராதியை மூடிவிட்டால் நான் கப்பலுக்குப் போய்விடலாம். ஆனால் ஜாபர் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் தூக்குவாளியை மூடிக்கொண்டிருந்தான்.

மணி அடித்து சார் உள்ளே வந்தபோது, பலகையில் ஜாபர் பெயருக்குக் கீழே என் பெயரும் மூன்று கோடும் இருந்தன.

"என்னம்மா இது?"

அகராதியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பே வாயைப் பிளந்தது.

"தப்பை நீயே ஒத்துக்கிட்டியே, சபாஷ்!" என்றார் சார்.

"சார், அதுவும் பாரசீகம்தான். காலையில ரெண்டு தடவை சொன்னீங்க. இதோட மூணு." பலகையில் அவர் பெயரையும் எழுதினேன். "நீங்களும் கப்பலுக்கு வர முடியாது, சார்."

சார் அகராதியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் வராம உங்களை யாரு கூட்டிட்டுப் போறது?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு எழுந்து மொத்தப் பலகையையும் அழித்தார்.

சனிக்கிழமை கப்பலில் ஏறியதுமே, "ஜாபரு!" என்று கத்திக்கொண்டு ஒருவர் கையில் கரண்டியோடு ஓடிவந்தார். ஜாபரை அப்படியே தூக்கிக்கொண்டார்.

"சபாஷ், ஜாபர்!" என்று நான் கூவினேன். அகராதியில் அதற்குப் போட்டிருந்த பொருள், 'மகிழ்ச்சியாக இரு'.