அலைகாட்டியில் இல்லாத இரைச்சல்

டப் என்று வெடித்தது.

காதுக்குள் பொருத்தியிருந்த செவிவடி அந்தச் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் உள்ளே விட்டது. ஆனாலும் தெய்வசிகாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டு மேசைமேல் திறந்து கிடந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து வெண்புகை எழும்பியது. கண்டென்சரின் வெள்ளித் தொப்பி பறந்துபோய்ச் சட்னிக் கிண்ணத்தில் விழுந்தது.

சமையலறையிலிருந்து அவன் மனைவி ரேணுகாதேவி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் குக்கர் சீறிக்கொண்டிருந்தது.

"உசுரோட இருக்கீங்களா?"

"பிளஸ் மைனஸை மாத்திப் போட்டுட்டேன்."

"நாலு மாசத்துல இது மூணாவதுங்க. அந்தச் சட்னியை நீங்களே சாப்பிடுங்க."

"இன்னைக்குக் கண்டிப்பா முடிச்சுடறேன், ரேணு. முடிச்ச கையோட உனக்குப் பதில் சொல்லிடறேன்."

அவன் தினமும் சொல்வதுதான். அது காதில் விழாதவள்போல அவள் குக்கரை இறக்க உள்ளே போனாள்.

பதில் என்பது சின்ன விஷயமில்லை. ரேணுகாதேவி பம்ப் பொறியாளர். நிலாவின் தென்முனையில் பனியை உருக்கித் தண்ணீர் ஏற்றும் நிலையத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தண்ணீரை மேலே ஏற்றவேண்டும் என்றால் நிலாக்காரர்களும் கோயம்புத்தூரைத்தான் தேடி வரவேண்டியிருந்தது. மூன்று வருடப் பணி. கணவனையும் அழைத்துப் போகலாம், ஆனால் அவன் பெயரை இன்று மாலை ஐந்து மணிக்குள் பதிய வேண்டும்.

நான்கு மாதங்களுக்கு முன் அவள் இதைச் சொன்னபோது, "இந்தப் பெட்டியை முடிச்சுட்டுச் சொல்றேன்" என்றான். கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எவ்வளவு பொறுமைசாலி என்று அவன் மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி 1979-இல் செய்தது. நூற்று நான்கு வயது. உக்கடம் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. அதைத் தட்டி எழுப்பிப் பாட வைத்துவிட்டான். பாட்டு அருமையாக வந்தது. பாட்டை நிறுத்தினால் மட்டும் அடியில் ஒரு இரைச்சல். ம்ம்ம் என்று, தேனீ ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. வரும், போகும், மறுபடி வரும். அதை ஒழிக்காமல் வேலை முடிந்ததாக அவனால் நினைக்க முடியவில்லை.

என்னென்னவோ செய்து பார்த்தான். கண்டென்சர்களை எல்லாம் மாற்றினான். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிப் புதுக் கம்பி சுற்றினான். எர்த்துக்குத் தனியாகத் தரைவரை கம்பி இழுத்தான். லிஃப்ட் மோட்டார்தான் காரணம் என்று குடியிருப்புச் சங்கத்துக்கு ஏழு புகார் எழுதினான். கீழ்வீட்டுக்காரரின் பேட்டரிமேல் சந்தேகப்பட்டு அவரோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டான். கடைசியில் சாப்பாட்டறைச் சுவரெங்கும் பஞ்சுப்பலகை ஒட்டினான். கதவைச் சாத்தினால் அந்த அறையில் குக்கர்கூடக் கேட்காது. இரைச்சல் மட்டும் கேட்டது.

வெடித்ததை எடுத்துவிட்டுப் புதிய கண்டென்சரை, இம்முறை சரியாக, வைத்து ஈயத்தால் பற்றவைத்தான். பெட்டியில் ஓடும் சத்தத்தைத் திரையில் கோடாகக் காட்டும் அலைகாட்டியை இணைத்தான். பச்சைக்கோடு திரையில் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்து மூடியது.

"காப்பி ஆறுதுங்க. மணி நாலு நாப்பது."

"அங்கேயே வை."

அந்த நிமிடமே வந்தது. ம்ம்ம்ம். அவன் கையை உயர்த்தினான். "பாரு, வந்துருச்சு. உனக்குக் கேக்குதா?"

இரைச்சல் சட்டென்று நின்றது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க," என்றாள் ரேணுகாதேவி.

"ஆனா கோடு நேரா இருக்கு. சத்தம் வருது, கோடு அசையல. இது என்ன கருமாந்திரம்?"

எரிச்சலில் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். பெட்டியின் விளக்கு அணைந்தது. மறுபடியும் வந்தது. ம்ம்ம்ம். முன்னைவிடக் கொஞ்சம் நீளமாக.

பிளக் கையில் இருக்கிறது, பெட்டி செத்துக் கிடக்கிறது, இரைச்சல் மட்டும் ஓடுகிறது.

அடியில் படுத்தபடியே செவிவடி நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தான். ஐந்து வயதில் அவன் காதுக்குள் வைத்த அரிசியளவுக் கருவி அது. எல்லார் காதிலும் உண்டு. ஹாரன், நாய்க்குரைப்பு, குறட்டை எல்லாவற்றையும் வடித்துவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே விடும்.

"உங்க கருவி இரையுது," என்றான் எடுத்த எடுப்பில். "நாலு மாசமா என் உயிரை வாங்குது."

"சரிபார்க்கிறேன் ஐயா," என்றது ஒரு பெண் குரல். "கருவியில் கோளாறு இல்லை. நீங்கள் கேட்பது எச்சம்."

"எச்சமா?"

"ஒரே செய்தியை ஒன்பது முறை கேட்டும் நீங்கள் பதில் கொடுக்காவிட்டால், அது உங்களுக்கு வேண்டாதது என்று கருவி முடிவு செய்துகொள்ளும். பிறகு கரைத்துவிடும். வார்த்தை மாறினாலும் சாரம் ஒன்றாயிருந்தால் போதும், கேள்வியானாலும் சரி, வாக்குறுதியானாலும் சரி. கரைத்ததில் மீதி ஒரு முனகலாக நிற்கும். சாதாரண வீட்டுச் சத்தத்தில் அது அவ்வளவாகக் காதில் விழாது. நீங்கள் மிக அமைதியான அறையில் இருக்கிறீர்களோ?"

தெய்வசிகாமணி பஞ்சுப்பலகைகளைப் பார்த்தான்.

"எந்தச் செய்தியைக் கரைச்சீங்க?"

"நாங்கள் எதையும் சேமிப்பதில்லை ஐயா. கழற்றிவிட்டு நீங்களே கேட்டுக்கொள்ளலாம். எல்லாருடைய கருவியும் இப்படித்தான் வேலை செய்கிறது."

இணைப்பைத் துண்டித்தான். முள்வாங்கியால் காதிலிருந்து அந்த அரிசியை எடுத்தான். முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகு காற்று நேரே காதில் பட்டது. தன் மூச்சே அவனுக்குப் பெரிய சத்தமாக இருந்தது. மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

ரேணுகாதேவி கதவோரம் நின்றிருந்தாள். கையில் பதிவுச் சீட்டு. அவன் நினைத்திருந்ததைவிடக் கரகரப்பான குரல், அலுத்துப் போன குரல்.

"இன்னைக்கும் கேக்கறேனுங்க. தெனமும் கேக்கறதுதான். உங்க பேரைப் போடட்டுமா, வேண்டாமா? நீங்க இல்லாம அங்க மூணு வருசம் எனக்கு ஆகாதுங்க. ஆனா நீங்க வாயே தொறக்கலீன்னா, நான் தனியாத்தான் போவேன்."

தெய்வசிகாமணி எழுந்த வேகத்தில் மேசை விளிம்பு மண்டையில் இடித்தது. கடிகாரத்தில் நான்கு ஐம்பத்து மூன்று. ஏதோ ஒரு வெறியில் பெட்டியை ஓரமாகத் தள்ளினான்.

"போடு ரேணு. கண்டிப்பா வர்றேன். இத்தனை நாள் பதில் சொல்லாததுக்கு மன்னிச்சுக்கோ. இனிமே இந்தப் பெட்டியைத் தொடமாட்டேன், சத்தியமா சொல்றேன்."

அவள் நெற்றி சுருங்கியது. காதைச் சற்றே சாய்த்து, பிளக் பிடுங்கிக் கிடந்த ஆம்ப்ளிஃபயரை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது நெசந்தானுங்க. இப்ப எனக்கும் அந்த இரைச்சல் கேக்குது."