மூன்றாம் தொடல்

கிட்டே வாருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்டே. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். உங்களுக்காக ஒரு கதை வைத்திருக்கிறேன். இன்னும் அறுபது வருஷம் கழித்துத் தூத்துக்குடியில் நடக்கப்போகிறது. கேட்க வசதியாக, நடந்து முடிந்ததுபோலவே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் காலை ஆறு மணியானால் ஊரில் எல்லா வீட்டு மெயின் போர்டிலிருந்தும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பச்சை விளக்கு எரியும். பல் தேய்த்தபடியே எல்லோரும் அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். பச்சை எரிந்தால் மின்விசிறியும் அடுப்பும் உப்புநீரைக் குடிநீராக்கும் பெட்டியும் அன்றைக்கு ஓடும்.

அமலோற்பவம் அக்காவும் அந்த 'டக்'குக்காக ஐந்து மணிக்கே விழித்துக் கிடப்பாள். வயது அறுபத்தேழு. மின்காப்பு ஒப்பந்தக்காரி, வீடுகளின் வயரிங்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் தொழில். ஆறு மணிக்கு அவள் மணிக்கட்டுப் பட்டையில் ஓர் எண் வரும்: 318. அத்தனை வீடுகள் அவள் கையெழுத்தில் எரிகின்றன என்று அர்த்தம்.

இந்த ஏற்பாடு சும்மா வரவில்லை. ஒரு கோடையில் வயரிங் கோளாறால் தெருத்தெருவாக வீடுகள் எரிந்தன. சான்றிதழ் எல்லா வீட்டிலும் இருந்தது. கையெழுத்துப் போட்டவரைத்தான் காணோம். ஒருவர் செத்துப்போயிருந்தார், ஒருவர் கடையை மூடிவிட்டு வெளிநாடு போயிருந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் ரோட்டில் உட்கார்ந்து, "எங்க வீட்டுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் உயிரொப்பம்.

வயர், எர்த், பிரேக்கர் என்று மூன்று சங்கங்கள். மூன்றிலும் உறுப்பினராக இருப்பவரின் கையெழுத்துக்குத்தான் உயிர். தினமும் விடிகாலையில் ஒவ்வொரு போர்டும் சங்கத்தைக் கேட்கும்: என் ஆள் இன்னும் இருக்கிறாரா? மூன்றில் ஓர் உறுப்புரிமை போனாலும் அவர் ஒப்பமிட்ட வீடுகள் அத்தனையும் இருட்டு. இன்னொருவர் வந்து முதலிலிருந்து சோதித்து ஒப்பமிட்டால்தான் வெளிச்சம். அடுத்தவர் சுமையை யார் ஏற்பார்கள்? நல்ல சட்டம்தான், கண்ணுகளா. கையெழுத்துப் போட்டவர்களுக்கும் வயசாகும் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை தேர்வு எழுதி உறுப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷமும் அக்கா போனாள். தேர்வு அதிகாரி இசக்கியப்பன், ஐம்பத்தெட்டு வயது. முன்பு இவளோடு சேர்ந்து வேலை பார்த்தவன்.

"என்னக்கா, ஒங்க மூஞ்சில பச்சை எரியலியே?"

"பத்து வருஷமா மஞ்சதாம்ல எரியுது. சீக்கிரம் முடி, முட்டி வலிக்கி."

"நீங்க பாஸ் பண்ணாம யாரு பண்ணுவா? நடங்க."

சுவரில் ஒரு தேர்வு போர்டு. மேலே கையசைவைப் பார்த்து மதிப்பெண் போடும் கணிக்கண். ஸ்விட்சை அணைத்து, மின்சாரம் செத்துவிட்டதா என்று பார்த்து, பிறகு கையால் வயரைக் கழற்ற வேண்டும். அதற்கு அக்காவின் கையில் பழைய டெஸ்ட் லேம்ப் இருந்தது: இரண்டு வயர், ஒரு சின்ன பல்பு. அவள் தலைமுறை ஆட்கள் மூன்று முறை தொடுவார்கள். உயிருள்ள இடத்தில், அதாவது மின்சாரம் ஓடும் இடத்தில், தொட்டால் பல்பு எரியும். அணைத்த இடத்தில் தொட்டால் எரியாது. எரியாததற்குக் காரணம் மின்சாரம் செத்ததா, பல்பே செத்ததா? அதைத் தெரிந்துகொள்ள மறுபடியும் உயிருள்ள இடத்தில் ஒரு தொடல். நாற்பத்தொரு வருஷத்தில் அக்கா அதை விட்டதே இல்லை.

அன்றைக்கு முதல் தொடலில் பல்பு எரிந்தது. இரண்டாவதில் எரியவில்லை. முந்தின நாள் நாலு மாடி ஏறிய அலுப்பு. லேம்பைத் தோளில் போட்டுக்கொண்டு விரலை உள்ளே நீட்டினாள்.

இசக்கியப்பனின் மேசையில் ஒரு மீட்டர் உண்டு. அதன் முள் கீழே இறங்கவே இல்லை. நூறு பேர் தட்டித் தேய்ந்த ஸ்விட்ச், அணைத்தும் அணையாமல் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் கத்தவில்லை, பாய்ந்து வந்து சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். உடம்பைத் தொடக்கூடாது என்று தொழில்காரனுக்குத் தெரியும். அக்கா தடுமாறிப் பின்னால் வந்து நாற்காலியில் விழுந்தாள்.

கணிக்கண் பச்சையாக மினுங்கியது. "தேர்ச்சி. நூற்றுக்கு நூறு."

அக்கா எழுந்துபோய் உயிருள்ள இடத்தில் லேம்பை வைத்தாள். எரியவில்லை. இரண்டு தொடலுக்கு நடுவே பல்பு போயிருந்தது.

"மூணாவது தொடலுக்கு மார்க்கே கெடையாதா?"

இசக்கியப்பன் தலையைத் தொங்கப்போட்டான். "நேரம் ஆகுதுன்னு எல்லாரும் சண்டைக்கு வந்தாவ. மார்க்குப் பட்டியல்லேருந்து அத எடுத்தது நாந்தாங்க்கா."

அக்கா மூன்று உறுப்பினர் அட்டைகளையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"இந்தா, வச்சிக்க. விட்டுட்டேன்."

"முந்நூத்துப் பதினெட்டு வீடுக்கா! நாளைக்குக் காலைல எல்லாம் இருட்டு. கோடை வேற. மிஷினு பாஸ்னு சொல்லிட்டு, பேசாம போங்க."

"நேத்து அந்த நாலு மாடியில மூணாவது தொட்டேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல, இசக்கி. இன்னிக்கி நீ இழுத்த. அங்கன எவன் இழுப்பான்?"

அவன் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதிகாரி என்பதால் மூன்று சங்கத்திலும் அவனுக்கு உறுப்புரிமை இருந்தது. அவன் கணக்கில் வீடுதான் ஒன்றும் இல்லை. வீடுகளுக்குப் பொறுப்பேற்கப் பயந்துதான் மேசை வேலைக்கு வந்தவன்.

"ஒங்க சாமான் பையத் தூக்குங்க," என்றான். "வழி காட்டுங்க. மொதல்ல எந்த வீடு? ஒங்க வீடா?"

"மூச்சுப்பெட்டி வச்சிருக்க செபஸ்தியார் வீடு. அப்புறம் கைக்குழந்தை இருக்க வீடுக. எங்க வீட்டுக்குக் கடைசியா வா."

பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது போர்டு முடிந்தது. ஒவ்வொன்றிலும் மூன்று தொடல், இசக்கியப்பனின் ஒப்பம். மற்ற வீடுகளுக்குப் பட்டையில் செய்தி போயிற்று: உங்கள் முறை வரச் சில வாரம் ஆகலாம். செய்தி பார்த்த ஒருத்தி இவர்கள் வந்த ஆட்டோவை மறித்துக்கொண்டாள்.

"எங்கள இருட்டுல போட்டுட்டு நீங்க போயி தூங்கப் போறியளாக்கும்?"

"ஆமா தாயி," என்றாள் அக்கா. "தூங்கணும்."

அந்தப் பெண் ஒதுங்கி வழியை விட்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்குப் பழக்கதோஷத்தில் அக்காவுக்கு விழிப்பு வந்தது. ஆறு மணிக்குக் காதைக் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் 'டக்'. எதிர்வீட்டில் 'டக்'. அவள் வீட்டுப் போர்டு பேசாமல் இருந்தது. மணிக்கட்டில் பட்டை இல்லை. முப்பது வருஷ வெயில் படாத இடம் வெள்ளையாகத் தெரிந்தது. ஜன்னலைத் திறந்து கடல்காற்றை உள்ளே விட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒன்பது மணிவரை எழுந்திருக்கவில்லை.

ஊரின் அந்தக் கடைசியில் இசக்கியப்பன் ஐந்து மணிக்கே எழுந்து, பட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஆறு மணிக்கு எண் வந்தது: 19. மூச்சை விட்டான். பிறகு பையை எடுத்துக்கொண்டு இருபதாவது வீட்டுக்குக் கிளம்பினான்.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. உங்கள் வீட்டு விளக்குகள் குறைவில்லாமல் எரியட்டும். பிள்ளைகள் தொடும் சுவரெல்லாம் பத்திரமாக இருக்கட்டும். அந்த வெளிச்சத்துக்காக எங்கோ விழித்திருக்கும் கைக்கும் ஒருநாள் நல்ல தூக்கம் வரட்டும். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வரட்டும்.