வெட்டி ஒட்டிய பக்கம்

மத்தியானம் அவன் துடைத்துக் காலி செய்துவிட்டுப் போன இணையப் பக்கத்தில், நாலு மணிக்குப் பார்த்தால் ஒரு வரி உட்கார்ந்திருந்தது.

"என்னை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போயிட்டியே தம்பி."

எழுதியவர் பெயரும் பக்கத்திலேயே இருந்தது: லிஃப்ட்காரர். லிஃப்ட்காரர் செத்து ஒன்பது மாசமாகிறது.

"எவனோ விளையாடுறான்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டானே தவிர, கண் அந்தப் பெயரை விட்டு நகரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா?

அவனுக்குச் சோறு போடுவது மொழிபெயர்ப்பு வேலை. மனசு கிடப்பதென்னவோ இணையக் கலைக்களஞ்சியத்தில். அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எந்த வரியை யார் என்றைக்கு எழுதினார்கள் என்பது மட்டும் அந்தப் பக்கத்தின் வரலாற்றில் அப்படியே நிற்கும். அங்கே அவன் ஒரு நிர்வாகி. "சம்பளம் கிடையாது, சண்டைக்கு மட்டும் குறைச்சலே இல்லை" என்பாள் நர்ஸ் வேலை பார்க்கும் அவன் மனைவி.

லிஃப்ட்காரர் நாற்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு 'லிஃப்ட்' என்ற கட்டுரையை ஏழு வருஷமாக, இருநூற்றுப் பன்னிரண்டு தடவை தொட்டுத் தொட்டு எழுதினார். அதன் தலைப்பை 'மின்தூக்கி' என்று மாற்ற எல்லோரும் பேசி முடிவாகியிருந்தது.

முறைப்படி 'நகர்த்து' என்ற பொத்தானை அழுத்தவேண்டும். தட்டுமுட்டுச் சாமானோடு வீடு மாறுகிற மாதிரி, பக்கம் தன் வரலாற்றையும் தூக்கிக்கொண்டு புதுத் தலைப்புக்குப் போய்விடும். இன்றைக்கென்று பார்த்து நெட் இழுத்தது. அழுத்தினால் சுற்றிக்கொண்டே நின்றது. அவனுக்கோ அவசரம். எழுத்தை வெட்டினான், புதுப் பக்கத்தில் ஒட்டினான், பழையதை வெறுமையாக்கினான். இதே தப்புக்காக எத்தனை புதியவர்களை அவனே காய்ச்சி எடுத்திருக்கிறான்! இப்போது 'மின்தூக்கி'யின் வரலாற்றில் ஒற்றை வரிதான். இன்றைய தேதி, அவன் பெயர்.

"வெட்டி ஒட்டினா எழுத்துதான் வரும் தம்பி, எழுதினவன் பின்னாடியே நின்னுடுவான்" என்று லிஃப்ட்காரர் சொல்வதுண்டு.

பழைய பக்கத்தில் வந்திருந்த அந்த வரியை அழித்தான். மறுபடி வந்தது. ஜன்னலைச் சாத்தியிருந்தும் மழை இரைச்சல் நாலாவது மாடி வரைக்கும் ஏறி வந்தது. அதற்கும் அடியில், சுவருக்குப் பின்னால், லிஃப்ட் கயிறு இழுபடுகிற சத்தமும் இரும்போடு இரும்பு உரசுகிற அந்தப் பழைய முனகலும், கிளம்புவதும் நிற்பதும் மறுபடி கிளம்புவதுமாக ஓயாமல் கேட்டுக்கொண்டேயிருக்க, மசகெண்ணெயின் கனத்த வாடை கதவிடுக்கு வழியாக நுழைந்து கூடமெல்லாம் பரவியது. எழுந்தான். உட்கார்ந்தான். திரும்ப எழுந்தான். மகளின் பள்ளிக்கூட வேன் வரும் நேரம்.

திரையில் இரண்டாவது வரி வந்திருந்தது.

"புதுசு மேல வருது. பழசு என்கூட நிக்குது."

அழைப்பு மணி அடித்தது.

"கதவைத் திறங்க அப்பா."

மகள் குரல்தான். எட்டு வயசு, வீட்டில் 'வாலு' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஆனால் அந்த வாலு பிறந்ததிலிருந்து ஒரு நாளும் அவனை 'நீங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை.

உள்ளே வந்தவளின் ஷூவில் ஒரு சொட்டு ஈரமில்லை. கொட்டுகிற மழையில் வந்த பிள்ளையிடம் பிரிக்காத நோட்டு வாசனை வந்தது. முகவாயைத் தூக்கிப் பார்த்தான். சைக்கிளிலிருந்து விழுந்து மூன்று தையல் போட்ட தழும்பைக் காணோம்.

"இங்க அடிபட்டதே, ஞாபகம் இல்லையா கண்ணு?"

"எப்போ?"

"போன வருஷம்."

"போன வருஷம்னா என்னப்பா?"

அவள் அறையின் கதவுநிலைக்கு ஓடினான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளை அங்கே நிற்கவைத்து, உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவான். எட்டுக் கோடுகள் இருக்கவேண்டும்.

ஒரு கோடு இருந்தது. இன்றைய தேதி. அவன் கையெழுத்து.

"அப்பா!"

இந்தத் தடவை குரல் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அப்பா, லிஃப்ட் நின்னுடுச்சு. இருட்டா இருக்கு. சீக்கிரம் வாப்பா!"

வாசலுக்குப் பாய்ந்தான். லிஃப்ட் கதவு அசையவில்லை. மேலே சிவப்பு எண் மூன்றில் நின்றது. நகத்தால் கதவைப் பிறாண்டினான். நகம் பெயர்ந்தது. உள்ளே சின்னக் கைகள் இரும்பைத் தட்டின. தட்டித் தட்டி அழுதன.

திரும்ப ஓடி வந்தான். திரையில் மூன்றாவது வரி.

"புதுசை நீக்கு. அப்புறம் முறையா நகர்த்து. சீக்கிரம் தம்பி, கயிறு தாங்காது."

நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்தான். கேள்வி வந்தது. 'மின்தூக்கி'யை உறுதியாக நீக்கவா? இப்பக்கத்தின் ஒரே ஆசிரியர் நீங்கள்.

வீட்டுக்குள் வந்திருந்தவள் பக்கத்தில் வந்து அவன் கையைப் பிடித்தாள். கை கதகதவென்று இருந்தது.

"அழுத்தாதீங்க அப்பா. எனக்கு வலிக்குமே."

திரும்பிப் பார்த்தான். அதே கண். அவள் அம்மாவின் கண். தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. இது தன் பிள்ளையில்லை என்று அவனுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். ஆனாலும் பெத்த மனம் பித்து. விரல் இறங்கவில்லை.

ஒரு மூச்சு நேரம். அவ்வளவுதான்.

பிறகு அழுத்தினான்.

பொத்தான் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

திறந்த வாசலுக்கு நேர் எதிரே சிவப்பு எண் மாறியது. இரண்டு.

"அப்பா..."

ஒன்று.

"வாப்பா..."

தரைத்தளம். அதற்குக் கீழே இந்தக் கட்டிடத்தில் ஒன்றுமே கிடையாது. வெறும் மண்.

கயிறு ஓடுகிற சத்தம் நிற்கவில்லை. குரல் இறங்கிக்கொண்டே போனது. சின்னதாக. இன்னும் சின்னதாக. கூப்பிடுவதை மட்டும் விடவில்லை.

பொத்தான் சுற்றியது.

கதவுநிலையில் முதுகை ஒட்டி, குதிகாலைச் சேர்த்து, விறைப்பாக நின்றுகொண்டு, அவள் பென்சிலை அவனிடம் நீட்டினாள்.

"என்னை அளந்து விடுங்க அப்பா."