ஒன்றுமில்லாத இடம்

வேல்விழியின் மடிக்கணினி பேசும் வேகத்தைக் கேட்டு அக்ஷரா வாயைப் பிளந்தாள். தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவது போலிருந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"இதெல்லாம் உங்களுக்குப் புரியுதுங்களாக்கா?"

"புரியுதே. இன்னும் வேகமா வைக்கட்டா?"

வேல்விழியின் குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து திருப்பூருக்கு வந்தது. அக்ஷராவுக்குப் பக்கத்து வீடு. வேல்விழிக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ளதைக் கணினி வாசித்துச் சொல்ல, கணினிக்கு வேலை சொல்லும் கட்டளைகளைக் காதால் கேட்டே எழுதப் பழகுகிறாள். திரை இருட்டாகவே கிடக்கும். விரல்கள் மட்டும் பறக்கும்.

அன்று அந்த விரல்கள் சும்மா இருந்தன.

"இந்தப் பாடத்துல கட்டளைகளைப் படமா ஒட்டி வச்சிருக்காங்க. கணினி 'படம்'னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கிடுது. ஆறு மணிக்குள்ள பயிற்சியை அனுப்பலேன்னா அடுத்த வகுப்புல சேர்க்க மாட்டாங்க."

"நான் படிச்சுச் சொல்றனுங்க்கா."

திரைக்கு வெளிச்சம் வந்தது. அக்ஷரா எழுத்து எழுத்தாக, புள்ளி, அடைப்புக்குறி எதையும் விடாமல் படித்தாள். வேல்விழி அப்படியே தட்டி, ஓடவிட்டாள்.

"எரர். இரண்டாம் வரி" என்றது கணினி.

அக்ஷரா மறுபடி படித்தாள். மறுபடி எரர். வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. மணி ஐந்தரையைத் தாண்டிவிட்டது.

"எழுத்தெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது" என்றாள் அழாக்குறையாக. பிறகு எழுத்துகளை விட்டுவிட்டு, படத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். "அக்கா, இரண்டாவது வரி மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி நிக்குதுங்க."

"ஏட்டி, இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"அங்க ஒண்ணுமே இல்லீங்களே. வெறும் இடம்."

வேல்விழி சிரித்துவிட்டாள். "எனக்கு அந்த ஒண்ணுமில்லாததும் வேணும்ட்டி."

வரியை உள்ளே தள்ளினாள். ஓடவிட்டாள்.

"வணக்கம், வேல்விழி" என்றது கணினி.

அக்ஷரா திரையைத் தொட்டுப் பார்த்தாள். திரைக்குள்ளிருந்து, அக்கா சொல்லிக்கொடுத்த சொல்லை ஓர் இயந்திரம் பேசுகிறது!

பயிற்சி நேரத்தோடு போய்ச் சேர்ந்தது. அக்ஷரா எழுந்திருக்கவில்லை.

"இந்தப் படம் மத்தவங்களுக்கும் வாயை மூடிக்குமில்லீங்க்கா?"

பாடம் முழுவதையும் அக்ஷரா, எங்கெங்கே இடம் விட வேண்டும் என்பதோடு சேர்த்து, தட்டித் தட்டி எழுதினாள். வேல்விழி அதை, 'எழுதியது அக்ஷரா' என்ற குறிப்போடு, தன்னைப் போலக் காதால் கேட்டுப் படிப்பவர்களின் குழுவுக்கு அனுப்பினாள்.

சற்று நேரத்தில் குழுவில், பல்லடத்திலிருந்து ஜெபக்குமார் என்பவரின் குரல் வந்தது. "ரெண்டு நாளா இதுலயே முட்டிட்டு இருந்தேனுங்க. இப்ப ஓடுது. டீச்சர், அடுத்த பாடம் எப்பங்க போடுவீங்க?"

எந்த டீச்சர் என்று அக்ஷரா திரும்பிப் பார்த்தாள். அறையில் அவளையும் அக்காவையும் தவிர வேறு யாருமே இல்லை.