கொளஞ்சியம்மாளின் ரேகை

நேற்று மாலை அவள் வைத்த நீலம் இன்று காலை வெடித்திருந்தது.

ஜெயராணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். இந்த ஐப்பசி ஈரத்தில் எண்ணெய் வண்ணம் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவே நான்கைந்து நாள் ஆகும். அது உள்ளுக்குள் இறுகி, சுருங்கி, கோடைக்கால ஏரி மண்போலப் பிளக்க ஐம்பது அறுபது வருடமாவது வேண்டும். நேற்று ஐந்தரைக்கு, கடலூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், ஒரே இழுப்பில் போட்ட விரல் நீளக் கோடு அது. சுற்றியிருந்த பழைய வண்ணத்தின் வெடிப்புகள் இப்போது அந்தக் கோட்டுக்குள் நுழைந்து, குறுக்கே ஓடி, மறுபக்கம் வெளியேறியிருந்தன. அதன் மேல் லேசான புகைக்கரிகூடப் படிந்திருந்தது.

நகத்தால் தொட்டுப் பார்த்தாள். கல்லாக இருந்தது.

சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டின் மாடி அறை. ஓட்டிலிருந்து மழைநீர் சொட்டும் சத்தமும், கீழே வீட்டுக்காரி கயல்விழி மிக்ஸி போடும் சத்தமும், எப்போதாவது கோயில் மணியும் தவிர அங்கே வேறு சத்தம் கிடையாது. சுவரோரம் பதினேழு படங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் கயல்விழியின் அத்தை கொளஞ்சியம்மாள் போட்டவை. மங்கலம்பேட்டையிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்து, கல்யாணம் கட்டாமல், பதினைந்து வருடம் இந்த அறையில் உட்கார்ந்து, ஆளும் இல்லாத மரமும் இல்லாத, நிறமும் கோடும் மட்டுமேயான படங்களைப் போட்டுவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் செத்துப்போனவர். ஒன்றைக்கூட விற்றதில்லை. பெயரும் எழுதியதில்லை. வலது கீழ் மூலையில் கறுப்பில் கட்டைவிரல் ரேகை, அவ்வளவுதான்.

"எழுதத் தெரியாதா அவுங்களுக்கு?" என்று முதல் நாளே கேட்டிருந்தாள் ஜெயராணி.

"நல்லாத் தெரியும் டீச்சர். பேர யார் வேணா அழிச்சிட்டு எழுதிக்கலாம், ரேகையத் திருட முடியாதுன்னு சொல்லுமாம். ரொம்ப சந்தேகப் புத்தி. எங்க அம்மா இந்த ரூம்புக்குள்ள காலே வைக்க மாட்டாங்க."

பதினேழாவது படத்தில் மட்டும் ரேகை இல்லை. முடிக்காமல் விட்டதோ என்னவோ. மூலை வெறுமையாக இருந்தது.

இந்தப் படங்களை வெளி உலகத்துக்குக் காட்டியது ஜெயராணிதான். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக டிராயிங் டீச்சர். வீட்டு ஹாலில் அவளே போட்ட பதினொரு படங்கள் தொங்கின. அவை போக இன்னொன்றைக் கயல்விழி ஆசைப்பட்டு வாங்கித் தன் வீட்டில் மாட்டியபோது, ஜெயராணி அதைப் போட்டோ எடுத்து சென்னையில் கேலரி வைத்திருக்கும் செம்பியனுக்கு அனுப்பினாள். இருபது நாள் கழித்து ஒரு வரி பதில் வந்தது. 'மேடம், உங்க படத்துக்குப் பக்கத்துல ஓரமா ஒரு பழைய கேன்வாஸ் தெரியுதே, அது யார் போட்டது?'

அந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பாள்! பாதி மறைந்து, கலங்கலாகத் தெரிந்த ஒரு மூலை. அதைப் பார்த்த கண்ணுக்கு நடுவில் இருந்த அவள் படம் தெரியவில்லை.

இப்போது ஜனவரியில் கண்காட்சி. புத்தகம் போடுகிறார்கள். படங்களைச் சுத்தம் செய்து, உதிர்ந்த இடங்களை மட்டும் நிரப்பித் தரும் வேலையை ஜெயராணிக்கே கொடுத்தார் செம்பியன். வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை; பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாதம் லீவு போட்டாள். வேறு யாராவது தொடுவதையும் தாங்கியிருக்க முடியாது.

"சோப்பு, கெமிக்கல் எதுவும் வேணாம் மேடம்," என்று போனில் சொன்னார் அவர். "ஈர்க்குச்சில பஞ்ச சுத்தி, எச்சில் தொட்டுத் துடைங்க. பழைய படத்துக்கு அதுதான் பெஸ்ட். உலகம் பூரா அப்படித்தான் பண்றாங்க."

கொளஞ்சியம்மாள் படத்துக்கு என் எச்சில் என்று நினைத்தபோது முகம் சுட்டது. ஆனாலும் செய்தாள். நாக்கில் வைத்து, படத்தில் வைத்து, மறுபடி நாக்கில் வைத்து. நல்ல வேலைக்காரி ஒவ்வொரு தடவையும் பஞ்சை மாற்றுவாள். ஜெயராணி, கவனம் முழுக்கப் பொறாமையில் இருந்ததால், மாற்ற மறந்துவிடுவாள். விறகடுப்புக் கரியும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த ஒரு கசப்பு நாக்கில் தங்கும். கரி கரைந்து அடியிலிருந்து நிறங்கள் எழும்ப எழும்ப, பஞ்சை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அவ்வளவு நன்றாக இருந்தன. எந்த வாத்தியாரும் இல்லாமல், எந்தக் கல்லூரியும் போகாமல், இந்த மூலையில் உட்கார்ந்துகொண்டு!

அதனால்தான் நேற்று அந்தக் கோட்டைப் போட்டாள். நாலாவது படத்தில், எதுவும் உதிராத இடத்தில், தேவையே இல்லாமல். தன் ஹால் படங்களில் அவள் வழக்கமாக இழுக்கும், முடியும் இடத்தில் லேசாக மேல்நோக்கி வளையும் கோடு. சென்னைச் சுவரில் கொளஞ்சியம்மாள் தொங்கினால், உள்ளே ஒரு விரல் நீளம் ஜெயராணியும் தொங்கட்டும்.

இப்போது அந்தக் கோடு கிழடாகிக் கிடந்தது.

பயந்திருக்க வேண்டும். பயந்தாள்தான், ஒரு பத்து நிமிடம். பிறகு அந்தப் பயத்தின் அடியிலிருந்து வேறொன்று தலை தூக்கியது. இப்படி வெடித்துவிட்டால் யாராலும் கண்டுபிடிக்கவே முடியாதே.

அன்று ஆறாவது படத்தில் ஒரு கோடு. மறுநாள் ஒன்பதாவதில் இரண்டு. காலையில் வந்து பார்க்கும்போது எல்லாம் வெடித்து, கரி படிந்து, அந்தப் படத்தோடு பிறந்தவை போலிருந்தன. அவளும் விடவில்லை. ஒவ்வொரு கோடும் முந்தையதைவிட அழகாக விழுந்தது.

சனிக்கிழமை ரேஷன் கடையில் மெஷின் அவள் கட்டைவிரலை எடுக்கவில்லை.

"தொடைச்சிட்டு வைங்கக்கா," என்றார் கடைக்காரர். துடைத்து வைத்தாள். "இன்னும் நல்லா அழுத்துங்க." அழுத்தினாள். வரிசையில் பின்னாலிருந்த பெண், "பாத்திரம் ஜாஸ்தி தேய்க்கிறாங்க போல," என்று சிரித்தாள். கடைசியில் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்கினாள். வெளியே வந்து வெயிலில் விரலைத் திருப்பிப் பார்த்தாள். டர்பெண்டைனில் ஊறினால் தோல் உரியும், சகஜம். ஆனால் இது உரியவில்லை. உரித்த முட்டைபோல வழவழவென்று இருந்தது.

அன்று சாயந்திரம் ஹாலில் விறகுப் புகை வாடை அடித்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர்கள் தெருவிலேயே விறகு எரிக்கிற வீடு கிடையாது. அவள் மோந்துகொண்டே ஒவ்வொரு சுவராகப் போனாள். வாடை அவள் படங்களிலிருந்து வந்தது.

திங்கள் காலை மாடிப்படி ஏறி வந்த கயல்விழியின் கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது.

"டீச்சர், பரண்ல கிடந்துச்சு. அத்தை போட்டோ! அறுபத்தொன்னுல எங்க அப்பா எடுத்தது. பின்னாடி தேதிகூட இருக்கு பாருங்க. சென்னைக்காரரு கேட்டுக்கிட்டே இருந்தாரே."

கறுப்பு வெள்ளைப் படம். ஓரங்கள் செல்லரித்திருந்தன. இதே அறை, இதே ஜன்னல். ஒல்லியான ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நாலாவது படம். அதில் கோடு இருந்தது. விரல் நீளக் கோடு. முடியும் இடத்தில் மேல்நோக்கி வளைந்தது.

"இன்னா டீச்சர், முகம் வெளுத்துப் போச்சு? காப்பி போடட்டுமா?"

"அந்த... அந்தக் கோடு..."

"அதுவா? எங்க அப்பா கிண்டல் பண்ணுவாரு, கொளஞ்சி கோடுன்னு. அத்தை எத போட்டாலும் அப்படி ஒன்னு வளைச்சி விடும்."

கொளஞ்சியம்மாள் கேமராவைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்து சாப்பிட்டு எழுந்தவர் முகத்தில் இருக்கும் நிறைவு அந்த முகத்தில் இருந்தது. உதடுகள் ஈரமாக இருந்தன.

கயல்விழி கீழே போனதும் ஜெயராணி கத்தியை எடுத்தாள். அது என் கோடு. இருபத்தாறு வருடம் சாக்பீஸ் தூசியிலும், பரீட்சைப் பேப்பருக்கு நடுவிலும், யாரும் பார்க்காவிட்டாலும் விடாமல் போட்டுப் போட்டு நான் கண்டெடுத்த கோடு. என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். கொடு.

சுரண்டினாள். நீலம் பொடியாக உதிர்ந்தது. அடியிலும் நீலம். அதே வளைவு. இன்னும் சுரண்டினாள். அதன் அடியிலும். துணியின் நூல் தெரியும்வரை சுரண்டினாள். நூலுக்குள்ளேயே ஊறியிருந்தது. ஆறாவது படத்திலும் அப்படித்தான். ஒன்பதாவதிலும்.

நாக்கில் அந்தக் கசப்பு. இன்று அவள் பஞ்சையே தொடவில்லை.

நிமிர்ந்தபோது சாயந்திரமாகியிருந்தது. பதினேழாவது படம் எதிரே இருந்தது. வெறும் மூலை. ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பது போல.

பையைக்கூட எடுக்காமல் கீழே ஓடினாள். "மழ கொட்டுது, நின்னுட்டுப் போங்க டீச்சர்!" என்று கயல்விழி கத்துவது சந்துமுனைவரை கேட்டது.

பஸ் முழுக்க ஈர வாடை. புதுச்சத்திரம் தாண்டியதும் ஜன்னலில் வழிந்த தண்ணீர்க் கோடுகள் எல்லாம் கீழே போகாமல் கடைசியில் மேல்நோக்கி வளைவதுபோலத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்விட்டால் போதும். ஹாலில் பதினொன்று இருக்கின்றன. அவை என்னுடையவை. பார்த்துவிட்டால் போதும்.

செம்மங்குப்பம் கம்பெனியில் காலை ஷிப்ட் முடித்து வந்திருந்த அவள் கணவர் அந்தோணிசாமி, லுங்கியோடு வாசலிலேயே நின்றிருந்தார். கரண்ட் இல்லை. கையில் எமர்ஜென்சி லைட்.

"எங்க போயிட்ட ராணி? போன் அடிச்சா எடுக்கல. அந்த சென்னைக்காரரு வந்துட்டுப் போறாரு. நாளைக்கி படம் ஏத்த வண்டி வருதாம், நீ எழுதி வச்ச பட லிஸ்ட கேட்டு வந்தாரு. வந்தவரு ஹாலப் பாத்துட்டு ஆடிப் போயிட்டாரு."

"ஏன்?"

"இதெல்லாம் எப்படி உங்க ஊட்டுக்கு வந்துச்சுன்னாரு. அந்தம்மா படமாமே? வெளியவே தெரியாத படம், பதினொன்னு இருக்குன்னு குதிக்கிறாரு. நீ அங்கருந்து எப்ப எடுத்தாந்த? அவுங்களக் கேட்டுத்தான எடுத்த?"

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பதினொன்றும் இடத்தில் இருந்தன. வெடித்திருந்தன. எமர்ஜென்சி லைட்டின் வெள்ளை வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் மேலும் கரி. வலது கீழ் மூலையில், போன வருடம் அவள் 'ஜெயராணி' என்று எழுதிய இடத்தில், கறுப்புக் கட்டைவிரல் ரேகை. ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்று.

"இது நான் போட்டது," என்றாள். அவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க. இது நான் போட்டதுங்க. நீங்கதான ஆணி அடிச்சிக் குடுத்தீங்க."

அந்தோணிசாமி லைட்டை உயர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. கரிசனம்தான்.

"உடம்பு சரியில்லையா ராணி? நீ தையல் டீச்சர். உனக்கு எங்க படம் போட வரும்?"

அவர் லைட்டை ஹாலிலேயே வைத்துவிட்டு, மெழுகுவத்தி எடுக்க சமையலறைக்குப் போனார்.

இல்லை. இல்லை.

அவள் அலமாரியை இழுத்தாள். நூல் கண்டுகள். கத்தரிக்கோல். பட்டன் டப்பா. அடியில், ஒரே ஒரு ட்யூப். கறுப்பு. மூடியைப் பல்லால் திருகினாள். கட்டைவிரலில் பிதுக்கினாள். வெள்ளைச் சுவர். அழுத்தினாள். முழு பலத்தோடு. விரலை எடுத்தாள்.

கறுப்பு வட்டம். ஒரு கோடு இல்லை. ஒரு சுழி இல்லை. வெறும் மை.

வாயெல்லாம் கசந்தது.

சமையலறையில் தீக்குச்சி உரசும் சத்தம். ஹாலில் வேறு யாருமில்லை. சுவரில் அவள் வைத்த வட்டத்துக்குப் பக்கத்தில், மெதுவாக, யாரோ நிதானமாக அழுத்தியதுபோல, ஒரு கட்டைவிரல் ரேகை விழுந்தது. ஈரமாக. சுழி சுழியாக. ஒவ்வொரு கோடும் முடியும் இடத்தில் லேசாக மேல்நோக்கி வளைந்தபடி.